ஓடைக்கு அந்தப் பக்கம்

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடை போடும் வரிசையில் நின்றிருந்தேன். முந்தின நாள் துரைமாருக்கும் எஸ்டேட் ஆட்களுக்கும் கிரிக்கெட் நடந்திருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"ஏனுங்கக்கா, உங்க ஊட்டுக்காரரு பேட்டை முதுகைச் சுத்திக் கொண்டாந்து அடிச்சாராமே?"

"தெனமும் கர்லாக்கட்டை சுத்துற கை, கண்ணு. பேட்டையும் அப்படியே சுத்திப்போட்டாரு. அது திரும்பி வர்றதுக்குள்ள பந்து போயிருச்சு. ரெண்டு தடவை. துரைமாருக்கு நொம்பச் சிரிப்பு."

"மூணாவது?"

"மூணாவது பந்து பேட்டுல சிக்குச்சு. அதோட பந்தைக் காணோம்."

"ஆனா நம்மாளுக ஜெயிச்சதா ஒத்துக்கலியாமுங்க. ஜெயிக்க ஆறு ரன்னு வேணும், ஓடையைத் தாண்டுனாத்தான் ஆறு. பனிமஞ்சு மூடி யாரும் பார்க்கல, அவ்வளவு தூரம் அடிக்க மனுசன் கையில பலம் ஏதுன்னு துரை கேட்டாராம்."

மூத்தவள் தன் முறை வந்ததும் கூடையைத் தராசுத் தட்டில் கவிழ்த்தாள். சிவந்த பழங்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு பந்தும் உருண்டது.

பக்கத்தில் நின்ற துரை குனிந்து பார்த்தார். "இது எங்கே இருந்துச்சு?"

"செடிக்கு அடியிலதானுங்க. இன்னிக்கு எங்களை எந்தக் காட்டுல பழம் பறிக்க உட்டாருன்னு நீங்களே மேஸ்திரியைக் கேளுங்க."

எடை போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"ஓடைக்கு அந்தப் பக்கமுங்க, துரை!"