கிளச் இல்லாத கார்

பழைய கார் வாங்க வருகிறவர்களிடம் நான் நிறம் கேட்பதில்லை, வருடமும் கேட்பதில்லை. வீட்டில் யார் ஓட்டப்போகிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அதற்கேற்ற கியரைச் சொல்வேன். இருபத்திரண்டு வருடம் கிளிநொச்சியில் கராஜ் வைத்திருந்தவன் நான், விதானையார். என் சொல்லைக் கேட்டு வாங்கியவர்கள் யாரும் திரும்பி வந்து முறைப்பட்டதில்லை.

நீங்கள் மரணப் பதிவுக்கு விபரம் எடுக்க வந்தீர்கள். பெயர் விமலேஸ்வரி, வயது முப்பத்தாறு, காரணம் செல் காயம். அதில் பிழை ஒன்றும் இல்லை. எழுதி முடித்து எழும்பும்போது, இந்தப் பள்ளிக்கூட மூலையில் றேடியோவுக்குப் பூட்டியிருக்கிற பற்றரியைக் காட்டி, "பரமலிங்கம், இது உங்கட அந்தச் சிவப்புக் காரின்ர பற்றரியெல்லோ?" என்று கேட்டீர்கள். அக்கராயனில் இடம்பெயர்ந்து கிடக்கிற இத்தனை சனத்தில் அதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். எல்லாரும் அதில் செய்தி கேட்கிறார்கள், எனக்கு நன்றியும் சொல்கிறார்கள். நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன்.

தொண்ணூற்றுமூன்றில் ஆமி அடித்துச் சந்தைக்குள் விழுந்து வெடித்த செல்லில் என் மனைவி விமலாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அதற்கு முதல் அவள் சைக்கிளில் போய்ப் படிப்பித்தவள். சனி ஞாயிறு என்றால் பஸ் ஏறி ஒட்டுசுட்டானில் தம்பி தர்சன் வீட்டுக்குப் போய்விடுவாள். காலில் சில்லுப் பூட்டியவள் என்று நானே பகிடி பண்ணுவேன். கால் போன பிறகு மூன்று வருடம் வீட்டில் இருந்தாள். தப்பாக நினைக்கக்கூடாது, அந்த மூன்று வருடமும்தான் எனக்கு நல்ல காலம். நான் தண்ணீர் அள்ளி வார்ப்பேன். பொய்க்காலுக்கு வார் பூட்டிவிடுவேன். மத்தியானம் நான் கராஜில் இருந்து வரும்வரை படலையைப் பார்த்தபடி கதிரையில் இருப்பாள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோசம்.

பிறகு தர்சன் வந்து வந்து போகத் தொடங்கினான். வவுனியாவில், நெளுக்குளத்தில், அவர்களுடைய தமக்கை இருக்கிறா. எப்படியாவது வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து அங்கே போய்ச் சேர்ந்தால் நல்ல பொய்க்கால் போடலாம், திரும்பவும் படிப்பிக்கலாம் என்பது அவன் கதை. விமலா அதைக் கேட்டுக் கேட்டு முகம் மாறிப்போனாள். "எனக்கு இந்தக் கதிரை அலுத்துப்போச்சுதப்பா" என்று ஒருநாள் சொன்னாள். நான் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுக் கராஜுக்குப் போனேன். அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

தொண்ணூற்றாறு தொடக்கத்தில் ராஜரத்தினம் வந்தார். யாழ்ப்பாணத்தில் வாகன வியாபாரம் செய்தவர். சனமெல்லாம் சட்டிபானையோடு இடம்பெயர, இந்த மனுசன் வள்ளங்களைப் பிணைத்து, அதன்மேல் இரண்டு ஸ்போர்ட்ஸ் காரை ஏற்றிக் கிளாலிக் கடலேரியால் கொண்டுவந்திருந்தார். இரண்டு கதவு, தரையோடு பதிந்த கார்கள். வெள்ளை மனுவல், சிவப்பு ஓட்டோமற்றிக். வேகத்துக்கென்று செய்த வாகனத்துக்கு வன்னியில் என்ன வேலை? வடக்கே ஆனையிறவிலும் ஆமி, தெற்கே வவுனியாவிலும் ஆமி, நடுவில் கிடங்கு ரோட்டு. என்னிடம் இருந்த உழவு லான்ட்மாஸ்ரரைத் தந்தால் இரண்டில் ஒன்றை எடுக்கலாம் என்றார்.

"வெள்ளையை எடும், பரமலிங்கம்" என்றார். "பெற்றோலுக்கும் தடை, பற்றரிக்கும் தடை. வெள்ளையெண்டால் செத்த பற்றரியோடையும் தள்ளி ஸ்ராட் எடுக்கலாம். சிவப்பு அப்பிடியில்லை. பற்றரி விழுந்தால் அது வெறும் தகரம்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. வன்னியில் அப்போது கார், வான் எல்லாம் தள்ளித்தான் ஓடின. இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை மிதித்துக்கொண்டு, நாலு பேரைத் தள்ளச் சொல்லி, ஓட்டம் பிடித்ததும் கிளச்சை விட்டால் எஞ்சின் குலுங்கி எழும்பும். செத்த பற்றரியில் மிச்சம் இருக்கிற உயிரே அதற்குப் போதும். எழும்ப நாலு சொட்டுப் பெற்றோல், ஓட மண்ணெண்ணெய். பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஓட்டோமற்றிக்கில் இது நடக்காது. சில்லு உருளும், அந்த உருளல் எஞ்சினுக்குப் போய்ச் சேராது. நாள் முழுக்கத் தள்ளினாலும் சும்மா உருண்டுகொண்டுதான் போகும். இது தெரிந்தவர்கள் அப்போது கிளிநொச்சியில் ராஜரத்தினமும் நானும்தான். அவர் அடுத்த மாதமே கொழும்புக்குப் போய்விட்டார்.

நான் சிவப்பை எடுத்தேன். ஊர் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. இடது காலால் கிளச் மிதிக்க ஏலாதவளுக்குக் கிளச் இல்லாத காராகத் தேடிப்பிடித்திருக்கிறான் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னையா அண்ணை தன் மருமகனைக் கூப்பிட்டு, "புருசனெண்டால் இவன்ரா, பார்" என்றார். விமலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூட மைதானத்தில் முதல் வட்டம் ஓட்டியபோது அவளுக்கு வாயெல்லாம் பல். அன்று நானும் சந்தோசப்பட்டேன், அது பொய்யில்லை.

ஆனால் நான் சிவப்பை எடுத்தது அதற்காக இல்லை. கையில் ஏதாவது கொடுத்தால்தான் நெளுக்குளத்தை மறப்பாள். வெள்ளையைக் கொடுத்தால், தர்சன் நாலு பொடியளைப் பிடித்துத் தள்ளி எடுத்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். சிவப்பு என் நல்ல பற்றரி இல்லாமல் படலையைத் தாண்டாது. கார்த் திறப்பை அவளிடமே கொடுத்தேன். தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல பற்றரியைப் பூட்டுவேன், நான் பக்கத்தில் இருக்க ஓட்டுவாள். மற்ற நாட்களில் அதைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்விடுவேன். அந்த இடத்தில் செத்த பற்றரி ஒன்றை வைப்பேன். திறப்பைத் திருப்பினால் லைட் எரியும், எஞ்சின் சுற்றாது. சார்ஜ் ஏற்றவேண்டும், களவு போய்விடும் என்று காரணம் சொன்னேன். ஆனி மாதம் ஒருநாள் அவள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, செல் கிட்டக் கிட்ட விழுது. நீங்கள் இல்லாத நேரம் ஓடவேண்டி வந்தால் நான் என்ன செய்யிறது? அந்தப் பற்றரியை விட்டிட்டுப் போங்கோவன்."

நான் ஒரு பதில் சொன்னேன். அதில் அவளுக்கு ஆறுதல் வந்தது. பிறகு கேட்கவே இல்லை.

ஆடியில் கிளிநொச்சிக்குள் செல் விழத் தொடங்கிய காலை, நான் இங்கே அக்கராயனில் ஒரு தண்ணீர்ப் பம்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். பற்றரி என் சைக்கிளில் இருந்தது. பத்து மணிக்குச் சனம் வரத் தொடங்கியது. நான் ரோட்டோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்பீர்கள். பயம்தான், வேறென்ன. அதோடு, கால் ஏலாதவளை விட்டுவிட்டு வருகிற சனம் இல்லை எங்கள் சனம் என்று நம்பினேன்.

பின்னேரம் பொன்னையா அண்ணை நடந்து வந்தார். என்னைக் கண்டதும் நிலத்தில் குந்திவிட்டார்.

"வண்டிலில ஏறு பிள்ளை எண்டு கெஞ்சினனான், தம்பி. 'என்னட்டைக் கார் இருக்கு அண்ணை, என்ர இடத்தில முன்வீட்டுக் கமலாசனியின்ர பிள்ளையளை ஏத்துங்கோ' எண்டு சொல்லிப்போட்டுது. வண்டிலை மருமகனோட அனுப்பிப்போட்டு நாங்கள் ஆறு பேர் நிண்டு தள்ளினம். சந்தி வரைக்கும் தள்ளினம். வலு லேசா உருண்டுது, ஆனா எஞ்சின் எழும்பேல்லை. திருப்பியும் தள்ளினம். பிறகு பக்கத்தில விழுந்துது. சிதறி ஓடிட்டம்." நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்: "இன்னும் கொஞ்சம் வேகமாத் தள்ளியிருந்தால் எழும்பியிருக்கும், என்ன?"

"உங்களால ஏலுமானதைச் செய்தனீங்கள்தானே, அண்ணை" என்றேன். இப்போதும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். பாவம். நான் அவரை மன்னித்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை போனேன். சந்திக்கு அப்பால் பாலை மரத்துக்குக் கீழே கார் நின்றது. ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் இல்லை. விமலா ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி இருந்தாள். பொய்க்கால் வார் முதல்நாள் காலை நான் பூட்டிவிட்டபடியே இருந்தது. திறப்பு திருப்பியபடி இருந்தது. நான் அவளைத் தூக்குவதற்கு முதல் கியரைத்தான் பார்த்தேன், பழக்கதோசம். ஓட்டோமற்றிக் தடியிலும் இரண்டு என்று ஒரு இலக்கம் இருக்கிறது, இறக்கத்தில் மெதுவாகப் போக. அதில் போட்டிருந்தாள்.

ஆனியில் நான் அவளுக்குச் சொன்ன பதில் அதுதான், விதானையார். "பயப்பிடாதை. இரண்டில போட்டிட்டு நாலு பேரைத் தள்ளச் சொல்லு. எஞ்சின் எழும்பும்." எழும்பாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் பற்றரியைக் கேட்டிருப்பாள். பற்றரியைக் கொடுத்திருந்தால் தர்சனிடம் போயிருப்பாள். அன்று காலை உண்மை தெரிந்திருந்தால், பிள்ளைகளோடு பிள்ளையாக வண்டிலில் ஏறி, பின்னேரம் என் முன்னால் வந்து இறங்கியிருப்பாள். இறங்கி என்ன கேட்டிருப்பாள் என்பதையும் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

செல் காயம் என்றே இருக்கட்டும். என் சொல்லைக் கேட்டவர்கள் யாரும் திரும்பி வந்து முறைப்பட்டதில்லை என்று சொன்னேன் அல்லவா. விமலாவும் கடைசிவரை என் சொல்லைத்தான் கேட்டாள்.