மூன்று விரல் கைத்தடம்

— பெருமக்களே, வாருங்கள்! இந்த அநியாயத்துக்குச் சாட்சியாக நில்லுங்கள்! இன்று மதியத்துக்குள் ஒரு குலமே துடைத்தெறியப்படப் போகிறது!

— அண்ணி, கேக்கறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். மேஜையை விட்டு இறங்குங்க, என் வரைபலகை நசுங்குது.

— மாட்டேன்! இந்தக் கணினி விளையாட்டுக்குக் கதை எழுதினவ நான், படம் வரைஞ்சவ நீ. இந்த விளையாட்டுல குழி தோண்டிப் பிழைக்கிற குழிக்குடி மக்களோட சுவரை அழின்னு சொல்ல உங்கண்ணன் யாரு?

— முதலாளி. உங்க வீட்டுக்காரரும்கூட.

— வீட்ல அவர் பேச்சு எடுபடுதா?

— அதான் இங்க வந்து எடுபட வைக்கிறார். நீங்களும்தான் என்ன எழுதியிருக்கீங்க? தீயப்பன் ஊதி உலகத்தைப் படைச்சார்னு ஒரு கோயில் சுவர்ல. இல்ல, அலையம்மை சிரிச்சுப் படைச்சாங்கன்னு இன்னொரு கோயில்ல. விளையாடறவங்க எது நிஜம்னு அடிச்சுக்கறாங்க. ரெண்டு சாமிக்கும் கல்யாணம் பண்ணி வச்சுட்டா சண்டை தீர்ந்துடும்ங்கறார் அண்ணன்.

— கல்யாணம் பண்ணினா சண்டை தீருமா? என்னைக் கேளு!

— ஆனா "நாங்கள் தோண்டிக்கொண்டிருந்தோம், இரு கடவுள்களும் வந்து வழி கேட்டார்கள்"னு குழிச் சுவர்ல இருக்கே, அதை யார் தலையில கட்டறது? அதான் அழிக்கச் சொல்றார்.

— ஏன் கட்டணும்? ஊதியவருக்கும் சிரித்தவருக்கும் கோயில். கல் சுமந்தவனுக்கு அழிக்கும் பொத்தானா? நாலு வருஷத்துல நான் மனசார நம்பி எழுதின வரி அது ஒண்ணுதான்டி.

— அண்ணி... ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. காலையில சோதனைப் பிரதியில அந்தச் சுவரை அழிச்சுப் பாத்தேன்.

— அடிப் பாவி!

— அழிச்சதும் ரெண்டு கோயில் சுவரும் சேர்ந்து காணாமப் போச்சு.

— என்னது?

— மூணு சுவர் வரைய சோம்பேறித்தனம். குழிச் சுவரை வரைஞ்சு, அதே படத்தையே ரெண்டு கோயிலுக்கும் போட்டுட்டேன். எழுத்து மட்டும்தான் வேற. கீழே இடது மூலையைப் பாருங்க.

— மூணு விரல் கைத்தடம்... குழியில விரலைப் பறிகொடுத்தவன் கை. தீயப்பன் கோயில்லயுமா?

— அலையம்மை கோயில்லயும். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, இப்பவே மாத்தி வரைஞ்சிடறேன்.

— தொட்டே, கையை ஒடிப்பேன்! என் தங்கமே, சோம்பேறித்தனத்துல வரலாற்றையே எழுதிட்டியே! விளையாடறவங்களுக்கு அறிவிப்பு போடணும், நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு பண்ணு: "பெருமக்களே! உலகைப் படைத்தவர் யாரென்று இனி அடித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கோயில்களுக்கும் போங்கள், குனிந்து இடது மூலையைப் பாருங்கள். கடவுள்கள் இருவரையும் செதுக்கிய அந்தக் கையை அழிக்கக் கூடாதென்று எங்கள் முதலாளிக்கு எழுதுங்கள் — இன்றே, மதியத்துக்குள்!"