ஆடு விட்டுவைத்த ஆங்கிலம்

அளவற்ற அருளாளனைப் புகழ்ந்து தொடங்குகிறேன். அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் ஸக்கரியா ஹாஜியார் அவர்களே! மாத்தளை மண்ணின் மிளகுக்கு மணம் கொடுத்த, மன்னிக்கவும், மிளகால் மணம் பெற்ற வணிகப் பெருமக்களே! அரசாங்க அலுவலகமாம் கச்சேரியின் காகித மலைகளைக் கட்டி ஆளும் சீஃப் கிளாக்கர் தியாகராஜா அவர்களே! யட்டவத்தையிலிருந்து பஸ் பிடித்தும், பஸ் பிடிக்க முடியாமல் நடந்தும் வந்த நண்பர்களே! பெற்றெடுத்து, பேரிட்டு, பேசப் பழக்கி, இன்று அந்தப் பேச்சையே பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! நமது வாசிகசாலையின் ஆண்டு விழாவிலே அனைவருக்கும் என் ஸலாம், என் வணக்கம், என் ஆயுபோவன்.

இந்த மேடையில் நின்று மிகுந்த பொறுப்போடு ஓர் உறுதி தருகிறேன். நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள். நம்பினால் நான் மனம் வருந்துவேன்.

யாரங்கே சிரிப்பது? சாலிஹ்தானே? சிரி, மகனே. இது சோகக் கதை.

சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலேறினார். பங்களாவை விட்டார், நாயை விட்டார், ஓர் ஆங்கில அகராதியையும் விட்டார். அதை நம் வாசிகசாலைக்குச் சுமந்துவர எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். வழியில் கண்டவர்கள் சவ ஊர்வலம் என்று நினைத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "யாருங்க மௌத்து?" என்று கேட்டார்கள்.

வந்தது ஹஜ்ஜுப் பெருநாள். வந்தது மழை. பதுர்தீன் காக்கா குர்பான் பலிக்கு வாங்கிய ஆடு நனையலாமா? குறையில்லாத ஆடல்லவா வேண்டும்? கொண்டுவந்து வாசிகசாலை மேசைக் காலில் கட்டினார். ஆட்டைக் குறையில்லாமல் காத்தவர், அகராதியை யார் காப்பார் என்று நினைத்தாரா? தொழுதுவிட்டு வந்து பார்த்தால், ஏ முதல் டபிள்யூ வரை ஆட்டின் வயிற்றில்! கதவைத் திறந்தவரைப் பார்த்து அது "மே" என்று கத்தவில்லை ஐயா, "மே ஐ கம் இன்?" என்று கேட்டது. அந்த இறைச்சி பங்கு போன வீடுகளில், பெருநாள் முடியும்வரை ஆங்கிலத்தில்தான் ஏப்பம் விட்டார்கள்.

எஞ்சியவை மூன்றே எழுத்துகள். எக்ஸ், வை, இஸட்.

இந்த நேரம் பார்த்துத்தான் கொக்கோ வியாபாரி இத்ரூஸ், மிளகு வியாபாரி புஹாரி நாநாவின் மகள் றம்லாவைப் பெண் கேட்டனுப்பினார். புஹாரி நாநா ஒரே நிபந்தனை வைத்தார். "மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியணும்."

ஏன் வைத்தார்? பெருமைக்கா? பகட்டுக்கா? இல்லை, பெரியோர்களே. ஆங்கிலத்தில் எழுதிய தன் காணிக் கடுதாசியோடு ஓர் அலுவலகத்து மேசைக்கு முன்னால் அரைநாள் நின்றவர் அவர். தமிழிலே கணக்கெழுதி, அரபியிலே குர்ஆன் ஓதி, சிங்களத்திலே சந்தையை ஆண்ட மனிதர். "இதுல என்ன எழுதியிருக்குங்க?" என்று கேட்டார். ஒரு விரல் மட்டும் பதில் சொன்னது: இங்கே ஒப்பம் வை. எதற்கு வைக்கிறோம் என்று அறியாமலே வைத்துவிட்டு வந்தார். கொடி மாறியது, அந்த மேசை மாறியதா? கோலம் மாறியது, அந்தக் கடுதாசி மாறியதா?

அந்த ஏக்கத்தை அறிந்த இத்ரூஸ், ஆடு விட்டுவைத்த ஆங்கிலத்தை அள்ளிப் பருகினார். ஸார்ஃப்! பிடியில்லாத கோப்பிக் கோப்பை கையைச் சுடாமல் தாங்கும் உலோகக் கூடு. ஸாக்ஸ்! கூரைக் கற்பலகை வெட்டும் கோடரி. ஸீபெக்! மூன்று பாய்மரக் கப்பல். யட்டகன்! துருக்கியர் வாள். ஸெஃபிர்! மெல்ல வீசும் மேல்காற்று. கொக்கோ காயவைக்கும் பெண்கள்கூட, "ஸெஃபிர் வருது, சாக்க இழுங்கடி!" என்று கூவத் தொடங்கினார்கள். கடைசிச் சொல் ஸைமர்ஜி. சாராயத்தைப் புளிக்க வைக்கும் கலை. அதை மட்டும் வாசித்துவிட்டு வாய் கொப்பளித்தார்.

பெண் பேசும் நாள் வந்தது. சபையிலே ஆண்கள். அறைத் திரைக்குப் பின்னால் றம்லாவும் பெண்களும். மணப்பெண் குரல் வெளியே கேட்கக் கூடாது. அது நம் வழக்கம். பரீட்சை வைக்க வந்தவர் தியாகராஜா ஐயா.

தொழில் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். இத்ரூஸ் நிமிர்ந்து, "ஸீபெக்!" என்றார். வயது? "ஸாக்ஸ்!" ஊர்? "யட்டகன்!"

புஹாரி நாநாவின் முகம் மலர்ந்தது. "எப்படிங்க ஐயா, வெளுத்து வாங்குறாரே!"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "ஓம் புஹாரி, நல்ல சொல்லுகள்தான். ஆனா தொழிலைக் கேட்டா கப்பல் எண்டுறார், வயசைக் கேட்டாக் கோடரி எண்டுறார்."

இத்ரூஸ் எழுந்து நின்றார். "ஐயா, எனக்குத் தெரிஞ்சது கடைசி மூணு எழுத்துத்தான். மத்ததை ஆடு தின்னுடுச்சு."

"அப்ப பொண்ணை அந்த ஆட்டுக்கெல்லோ குடுக்கோணும்!" என்றார் ஐயா. சபை சிரித்தது. சுவர் சிரித்தது. அலுவிகாரைக் குன்றே சிரித்தது. இத்ரூஸ் மட்டும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கித் திரும்பினார்.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"வாப்பா, அவர உக்காரச் சொல்லுங்க. மிச்சமிருந்ததை ஒண்ணு விடாமப் படிச்ச ஆளு, முழுசும் கிடைச்சா படிக்கமாட்டாரா? நானும் கூடப் படிக்கிறேன். இனிமே அந்த மேசைக்கு முன்னால நீங்க தனியா நிக்க வேணாம்."

புஹாரி நாநா திரையையே பார்த்திருந்தார். பிறகு எழுந்துபோய், இத்ரூஸின் கையைப் பிடித்து அழைத்துவந்து, தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

மக்களே! மொழி எதற்கு? மேடையில் மினுக்கவா? மாற்றானை மிரட்டவா? ஒரு மனிதன் தன் காணியின் கடுதாசியைத் தானே வாசித்து, தலை நிமிர்ந்து ஒப்பமிடுவதற்கு! அந்த நாள் தமிழிலே வரட்டும், சிங்களத்திலே வரட்டும், ஆங்கிலத்திலே வரட்டும். வரும்வரை இந்த வாசிகசாலையின் விளக்கு அணையக் கூடாது!

பதுர்தீன் காக்கா என்னை முறைக்கிறார். சரி, சொல்லிவிடுகிறேன். அவருடைய ஆடு ஓர் எழுத்தும் தின்னவில்லை. அகராதியை ஒருவரே கக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தார். தியாகராஜா ஐயா பரீட்சை வைக்கவுமில்லை, பகிடி விடவுமில்லை. இத்தனை பொய்யிலும் ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை: திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் பேசினாள்.

பொய்யைப் பொறுத்த சபைக்கும், பேசிய அந்தப் பிள்ளைக்கும் நன்றி கூறி அமர்கிறேன். அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும்.