வலது ஃபோர்க்கில் போடாமல் விட்ட வால்வு

2025-ம் வருடம் நவம்பர் மாதம் 3-ம் தேதி காலை 11 மணிக்கு நிலையத்தில் தாமாக ஆஜரான பங்கிராஸ், வயது 69, த/பெ சவரிமுத்து, தெற்குத் தெரு, ராயப்பன்பட்டி என்பவர் சொல்லச் சொல்ல, தலைமைக் காவலர் முத்துக்குமரன் எழுதியது.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் மனைவி வியாகுலமேரியுடன் குடியிருந்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பில் மூன்று வருடம் இருந்துவிட்டு நின்றுவிட்டேன். கோம்பை ரோட்டில் 38 வருடமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியில் ஏதாவது ஒரு சாமானை மாட்டாமல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டிக்காரரிடம் கால்வாய்ப் பாலம் வரை ஓட்டிவிட்டு வந்து என்ன குறைகிறது என்று சொல்லச் சொல்லுவேன். சரியாகச் சொன்னால் எதிரில் உள்ள வினோத்ராஜ் கடையில் டீயும் இரண்டு வடையும் நான் வாங்கித் தர வேண்டும். தவறினால் அவர் வாங்கித் தர வேண்டும். ஹாரன் ஒயர், கண்ணாடி நட்டு, ஸ்டாண்டு ஸ்பிரிங் இந்த மாதிரிதான் எடுப்பேன். பிரேக், செயின், சக்கரம் இவற்றில் இது நாள் வரை கை வைத்தது இல்லை. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இதை எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டையாவும் ஒரு முறை ஹாரன் விஷயத்தில் தோற்று எனக்கு வடை வாங்கித் தந்திருக்கிறார். அதை எழுத வேண்டாம் என்றார். எழுதச் சொன்னேன்.

கோம்பையைச் சேர்ந்த மாரிசெல்வம், வயது 28, என்பவர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். மண்பாதையில் ஓட்டுகிற டர்ட் பைக் ஒன்று வைத்திருந்தார். ஆறு வருடமாக என்னிடம்தான் வேலைக்கு விடுவார். இதுவரை பதினொரு முறை நான் சாமானை ஒளித்து வைத்ததில் பதினொரு முறையும் கண்டுபிடித்துவிட்டார். வேறு யாரும் அப்படிக் கிடையாது. ஒரு முறையாவது அவர் தோற்றுப்போய் எனக்கு டீ வாங்கித் தர வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

மாரிசெல்வம் வருசநாட்டுப் பக்கம் நடக்க இருந்த மண்பாதைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மேடு பள்ளத்தில் முன்பக்கம் தூக்கி அடிக்கிறது என்று சொல்லி, முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஃபோர்க்கில் போடுவதற்குப் புது வால்வு இரண்டு கொரியரில் வரவழைத்து கடந்த அக்டோபர் 10-ம் தேதி வண்டியோடு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிறகு நான் இரண்டு பக்க ஃபோர்க்கையும் கழற்றி, உள்ளே இருக்கும் ராடுகளில் உள்ள ஓட்டைகளை டிரில் போட்டுப் பெரிதாக்கினேன். அப்படிச் செய்தால் ஆயில் தடையில்லாமல் ஓடும். அதன் பிறகு அதை அடக்குவது வால்வு மட்டும்தான். வால்வு உட்காரும் உயரத்துக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் குழாயையும் அறுத்துக் குறைத்தேன். இடது பக்கம் வால்வைப் போட்டேன். வலது பக்கம் போடவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வால்வு இல்லாததால் அந்தப் பக்கம் ஆயில் அடக்கமும் கிடையாது, ஸ்பிரிங்கும் தளர்ந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியும். பாலம் வரை மெதுவாகப் போய் வருவதற்குள் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

மறுநாள் 11-ம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணி அளவில் மாரிசெல்வம் வந்து வண்டியில் உட்கார்ந்து இரண்டு முறை முன்பக்கம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "பெருசு, இன்னைக்கும் டீ ஒன்னோடதுதான்" என்றார். இது கஷ்டமானது என்பதால் நான் வழக்கத்துக்கு மாறாகத் துப்புக் கொடுத்தேன். "ஏலே மாப்ள, கொறையிறது முன்னாடிதான். வலதா எடதான்னு மட்டும் சொல்லு பாப்பம்" என்றேன். நான் அப்படிக் கேட்டிருக்காவிட்டால் அவர் பாலம் வரை போய்த் திரும்பி வந்திருப்பார்.

அதன் பிறகு அவர் பாலத்தில் உள்ள வேகத்தடையில் இரண்டு முறை ஏற்றி இறக்கினார். அதில் அவருக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அதன் பிறகு வண்டியைத் திருப்பிக் கால்வாய்க் கரையில் ஏற்றினார். அந்தக் கரை ஆள் உயரம் இருக்கும். அங்கிருந்து பக்கத்துத் தரிசில் வண்டியோடு குதிப்பது அவருக்கு வழக்கம். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கரையில் ஏறியதைப் பார்த்துக் கையைக் காட்டி வேண்டாம் என்று கத்தினேன். அவரும் கையைத் தூக்கிக் காட்டினார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். அதன் பிறகு குதித்தார். முன் சக்கரம் தரையில் பட்டதும் முன்பக்கம் முழுதாக உள்ளே போனது. மேலே வரவில்லை. அவர் ஹாண்டில்பாருக்கு மேலே போய் விழுந்தார். அப்போது கரையில் நாய் எதுவும் இல்லை. கொக்கு ஒன்று இருந்தது.

நான் ஓடிப் போவதற்குள் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கூடிவிட்டார்கள். மாரிசெல்வத்துக்கு நினைவு இருந்தது. என்னடா ஆச்சு என்று கேட்டவர்களிடம் என்னைப் பார்த்துக்கொண்டே, "நாய் குறுக்க வந்துருச்சு" என்றார். வால்வு என் சட்டைப் பையில் இருந்தது.

அதன் பிறகு க.விலக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 19-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பார்க்கப் போனேன். அவருடைய தாயார் மலையம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "இடுப்புக்குக் கீழ இனி வராதுன்னு சொல்லிட்டாக. அவன்ட்ட சொல்லிராதீக. போட்டி எந்தத் தேதின்னு கேட்டுக்கிட்டே கெடக்கான்" என்றார். அதன் பிறகு அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் நான் மாரிசெல்வத்திடம் போலீஸில் சொல்லப் போகிறேன் என்றேன். அவர், "நாயின்னு எழுதிக் குடுத்தாச்சு. நீ போயி ஒளறாத. ஒன்னய உள்ள தூக்கி வச்சா நான் எந்திரிச்சு நடந்துருவனா? எனக்கு எல்லாந் தெரியும், ஆத்தாகிட்ட சொல்லிராத. போட்டி தேதிய அதுக்காகத்தான் கேக்குறேன்" என்றார். அதன் பிறகு மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டே, "வலதுதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பறம் என்ன, டீ எங்க?" என்றார். நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே போய்த் தூக்குவாளியில் டீயும் இரண்டு வடையும் வாங்கி வந்தேன். அவர் தலையைத் தூக்கக் கூடாது என்பதால் மலையம்மாள் டீயை ஆற்றி ஸ்பூனால் ஊட்டினார். வடையைப் பிய்த்து டீயில் ஊற வைத்துக் கொடுத்தார். எதற்காக வாங்கிய டீ என்று அவருக்குத் தெரியாது. "பாருங்க, ஒரு வாரமா ஒன்னும் எறங்கல, நீங்க வாங்கியாந்தத மட்டும் குடிக்கான்" என்றார்.

இதற்கிடையில் கால்வாய்க் கரையில் சுற்றும் நாய் எங்கள் ஊர் ஒச்சாண்டி என்பவரின் செவலை நாய்தான் என்று ஊரில் பேச்சு ஆகிவிட்டது. மாரிசெல்வத்தின் சொந்தக்காரர்கள் கம்பை எடுத்துக்கொண்டு வந்து சத்தம் போட்டதால், ஒச்சாண்டி அந்த நாயைக் கம்பம்மெட்டு மலை தாண்டிப் போகிற லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஒன்பது வருடம் வளர்த்த நாய். 26-ம் தேதி என் கடையில் வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு அது எங்க தொழுவத்துல கட்டிக் கெடந்துச்சு பங்கிராசு. எவன் நம்புறான்?" என்றார். நான் நம்புவதாகச் சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

மறுநாள் 27-ம் தேதி இந்த நிலையத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அடிபட்டவரே நாய் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார், கேஸ் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போ என்றார்கள். வண்டி வெளியே வேப்பமரத்தடியில்தான் கிடக்கிறது, வலது ஃபோர்க்கைக் கழற்றிப் பாருங்கள் என்று சொன்னேன். கழற்றவில்லை. நானே கழற்றுகிறேன் என்று ஸ்பானரை எடுத்தேன். கழற்றி வால்வை நீயே எடுத்து ஒளித்து வைத்துவிட்டு விளையாட்டுக் காட்டுவாய் என்றார்கள். நான் 38 வருடம் செய்ததை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை.

அதன் பிறகு இன்று மறுபடி வந்து, எழுதிக்கொள்ளாவிட்டால் போக மாட்டேன் என்று வாசல்படியில் உட்கார்ந்துகொண்டதால் எழுதுகிறார்கள். இது வெளியே தெரிந்தால் மாரிசெல்வம் நான் சொல்வது பொய் என்றுதான் சொல்லுவார். நாய் திரும்பி வராது. மாரிசெல்வம் நடக்க மாட்டார். எனக்குத் தண்டனை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இவை மாறாது என்பது தெரிந்துதான் சொல்லுகிறேன். அன்று முதல் பையிலேயே வைத்திருந்த, கட்டைவிரல் பருமன் உள்ள பித்தளை நிற வால்வு ஒன்றை இப்போது மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

ஏட்டையா எழுதி முடித்துப் படித்துக் காட்டிவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டி, "சரி பெருசு, இதுல எதக் கொறச்சு வச்சிருக்க? அதையும் சொல்லிரு" என்று கேட்டார். அதையும் எழுதச் சொன்னேன்.

மேலே உள்ளது எல்லாம் நான் சொன்னபடி எழுதிப் படித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நடந்தது. இதில் எதையும் குறைத்து வைக்கவில்லை.

(ஒப்பம்) ச. பங்கிராஸ்