சம்பாத்யம் உண்டோ

“வேலையப் பாதியாக் கொறச்சேன் கண்ணு, நான் பணக்காரி ஆயிட்டனாமா.”

மலையாள நாட்டுச் சித்தூரிலிருந்து தமிழ் பேசும் எருத்தேன்பதிக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்து இது கேட்டது. எழுபதுகளில் விதவைப் பென்ஷன் புதிதாக வந்திருந்த சமயம். சொன்ன அம்மாள் அதற்கு மனுக் கொடுத்து, கிடையாது என்ற பதிலோடு திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலிப் பானையோடு ஒரு தயிர்க்காரி.

“நேரங் கொறஞ்சா கூலி கொறையும், கூலி கொறஞ்சா பென்ஷன் கெடைக்கும்னுதானுங்கக்கா எல்லாருஞ் சொன்னாங்க?”

“அதத்தான் நானும் நம்புனேன். ஆபீசரு மலையாளத்துல ‘சம்பாத்யம் உண்டோ’ன்னாரு. ‘கொஞ்சம் உண்டு’ன்னேன். மாமியா படுத்த படுக்கையாக் கெடக்கறாங்க, அரை நேரந்தானே களை வெட்டப் போறேன்?”

“அய்யோ, அவங்க பேச்சுல சம்பாத்யம்னா சேத்து வெச்சதுங்கக்கா. சம்பாரிக்கறதுக்கு வருமானம்னு சொல்லுவாங்க.”

“வருமானமுங் கேட்டாரு. ‘இப்பத்தானுங்க அதச் சொன்னேன்’னேன்.”

தயிர்க்காரி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“மறுக்காப் போயி, சம்பாத்யம் ஒண்ணுமே இல்லீங்கன்னு சொல்லுங்கக்கா.”

“சொல்லலாங் கண்ணு. ஊட்டுல வெள்ளாடு ஒண்ணு நிக்குதே. அது வருமானமா, சம்பாத்யமா?”

தயிர்க்காரி கோழிப்பதி தாண்டும்வரை யோசித்தாள்.

“கறக்குதுங்களா?”

“இல்ல. செனையா இருக்குது.”

“அப்ப அது ரெண்டுந்தானுங்கக்கா” என்று தயிர்க்காரி மறுபடி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.