இளவரசனின் நீலக் கோட்டு

— நாடகம் முடிஞ்சு ரெண்டு கிழமை ஆச்சு, அன்ரனெற் அன்ரி. அந்தக் கோட்டைத் தாங்கோ. வாசலிலை கார் ஸ்டார்ட்டிலை நிக்குது.

— உள்ளுக்கு வாரும் சுபாங்கி. நீர் உடுப்புக்குப் பொறுப்பு, நான் இளவரசன். இளவரசனை வாசலிலை வைச்சுக் கதைக்கலாமே?

— அன்ரி, நீங்கள் இன்னும் மீசையோடையெல்லே நிக்கிறியள்!

— இந்த மீசைக்கு எங்கடை மல்வேர்ன் ஊர் முழுக்கக் கிறங்கிப் போய்க் கிடக்கு. மூவாயிரம் சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. ஒன்பது பேர் மயங்கி விழுந்தவை.

— ஹோலிலை இருநூறு கதிரை. மயங்கினது ஒராள், அதுவும் சுகர் குறைஞ்சு.

— எண்ணினது ஆர்? அறுபத்தேழு வயசிலை ஒரு பொம்பிளை இளவரசனா வந்து நிண்டால் கதிரையும் மயங்கும்.

— பிரெஞ்சுக்காரரின்ரை பழைய தேவதைக்கதை நாடகங்களிலை பொம்பிளையள் ஆம்பிளை வேசம் கட்டுறது வழக்கம்தான் எண்டு உங்களுக்குச் சொன்னதே நான். கதையை மாத்தாதேங்கோ. கோட்டு எங்கடை இல்லை. டவுன்டவுன் பிரெஞ்சு நாடகக்காரரிட்டை இரவல் வாங்கினது. நாளைக்கு அவையின்ரை ஷோ.

— எரிஞ்சுபோச்சு எண்டு சொல்லும்.

— அன்ரி! சீரியஸாக் கேக்கிறன். என்ன பிரச்சினை?

— மெல்லக் கதையும். உள்ளுக்கு அவர் சாப்பிடுறார்.

— அருள்நாயகம் அங்கிளோ? மறதி வருத்தத்திலை அவருக்கு ஆளே தெரியேல்லை, சாப்பிடுறாருமில்லை எண்டு ரிகேர்சலிலை அழுதனீங்கள்?

— ஓம். என்னைக் கண்டால் அறைக்கதவைப் பூட்டுவார். சோத்தை நீட்டினால் முகத்தைத் திருப்புவார். நாப்பத்தொரு வருசம் கூட இருந்தவளை, "நீங்கள் ஆர்?" எண்டு மரியாதையாக் கேப்பார். கடைசி ஷோ அண்டைக்குக் களைப்பிலை வேசம் கழட்டாமல் வந்தன். கண்டதும் எழும்பி நிண்டு, "அண்ணை" எண்டார்.

— எந்த அண்ணை?

— அவரின்ரை மூத்தவர், சூசைதாசன். கோயில் பாண்டிலை ட்ரம்பெற் ஊதினவர். இதே நீலக் கோட்டு, இதே தங்கப் பொத்தான், இதே மீசை. ஆள் செத்து முப்பத்தெட்டு வருசம். அண்டையிலை இருந்து அண்ணையின்ரை கையாலைதான் சோறு, மருந்துக் குளிசை எல்லாம். கோட்டைக் கழட்டினால் பட்டினி.

— டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?

— சொன்னன். மீசையை இன்னும் இறுக்கி ஒட்டச் சொன்னார்.

— பொய்தானே?

— பொய்தான். டொக்டர் சிரிப்பார் எண்டு பயந்து சொல்லவேயில்லை.

— அன்ரி... இதே மாதிரி ஒண்டு நான் தைச்சுத் தாறன்.

— தைச்சு? சாகுமட்டும் நான் என்ரை மனுசனுக்கு அண்ணனோ? நாடகத்திலை சாபம் பட்ட கரடித் தோலோடை போனால் இளவரசி என்னை விளக்குமாத்தாலை அடிச்சுக் கலைக்கிறாள். நீர் பின்னாலை கயிறை இழுக்கத் தோல் விழுகுது, "என்ரை ராசா" எண்டு ஓடி வாறாள். இஞ்ச எந்தக் கயிறைப் பிள்ளை இழுக்கிறது?

— அண்ணை! ஆரது வாசலிலை?

— எங்கடை பாண்ட்காரப் பிள்ளை ஒண்டு, அருள். நீ சாப்பிடு.

— வணக்கம் அங்கிள்.

— வணக்கம், வணக்கம். அண்ணை, எனக்குச் சோறு நீட்டுற அந்த மனுசி வீட்டிலை இல்லையே?

— இல்லையடா... சுபாங்கி, அஞ்சு நிமிசம் நில்லும். கோட்டைத் தாறன்.

— அன்ரி, நான் வேணுமெண்டால் அவையிட்டைக் கேட்டு...

— வேண்டாம். எப்பிடியும் ஒரு நாளைக்குச் சொல்லத்தானே வேணும். டேய் அருள், நான் இண்டைக்கு வெளிக்கிடுறன். பாண்ட் பெருநாளுக்குப் போகுது. இனி அந்த மனுசிதான் உனக்குச் சோறு தருவா. வாங்கிச் சாப்பிடவேணும், என்ன?

— ஏலாது அண்ணை.

— ஏன்ரா? அடிக்கிறாவோ?

— சீச்சீ.

— ஏசுறாவோ?

— இல்லை. பாட்டுப் பாடித்தான் சீப்பாலை தலை இழுத்துவிடுறா. வாய் நிறையப் பொய். மூவாயிரம் சனம் கைதட்டினதாம்! எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் கிடக்கும். அதுதான் முகத்தைத் திருப்புறனான்.

— பிறகேன்ரா கதவைப் பூட்டுறாய்?

— அந்தப் பிள்ளை நிக்குது, அண்ணை.

— நான் காதைப் பொத்துறன், அங்கிள்.

— சொல்லு அருள். ஏன் பூட்டுறாய்?

— எனக்கு அவவிலை விருப்பம் வந்திட்டுது, அண்ணை. என்ரை அன்ரனெற்றின்ரை முகத்திலை நான் என்னெண்டு முழிக்கிறது?