இருநூற்றுப் பன்னிரண்டு துண்டு இலுக்கு

1962ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4ஆம் திகதி முற்பகல் 10.20 மணிக்குப் பொகவந்தலாவைப் பொலிஸ் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ஐயா முன்னிலையில் சொல்லி எழுதப்பட்டது.

பெயர்: செல்லசாமி மீனம்மா. வயது: 39. மதம்: இந்து. தொழில்: வீட்டு வேலை. விலாசம்: கல்லுமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, 6ஆம் லயம், 4ஆம் காம்பரா. முறைப்பாடு: அதே தோட்டத்து மேற்பிரிவுக் கணக்குப்பிள்ளை பொன்னையா என்பவரின் உருளைக்கிழங்குப் பாத்திகளில் வேண்டுமென்றே இலுக்குப்புல் நட்டு நாசம் செய்தது.

நான் மேற்படி விலாசத்தில் என் தம்பி நல்லமுத்துவின் குடும்பத்துடன் வசிக்கிறேன். புருசன் இல்லை. பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் போனதில்லை. மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீசுகளைப் பார்த்து எழுதிப் பழகினேன். முறைப்பாட்டில் சொன்னதை நான் செய்தேன். ஆனால் அதில் நூறு இடத்துக்கு மேல் என்று எழுதியிருப்பது சரியில்லை. 212 இடம். அதை எதற்காகச் செய்தேன் என்பதை முதலில் இருந்து சொல்கிறேன்.

1955ஆம் வருடம் சர்வகலாசாலையில் இருந்து கலாநிதி குலசேகரம் என்பவர் எங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள புல்மலையை ஆராய வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் எல்லோரும் அவரைப் புல்லுத்துரை என்றார்கள். தோட்டத்துத் துரையின் அனுமதியோடு மூன்று ஏக்கர் புல்வெளியைக் கம்பியடித்து இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி வருடந்தோறும் கொளுத்தப்படும். மறுபாதியில் நெருப்பே படக்கூடாது. பத்து வருடம் பொறுத்து எந்தப் பாதியில் எத்தனை வகைச் செடி நிற்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. கொளுத்தாத பாதிக்கு என் புருசன் செல்லசாமியைக் காவலுக்குப் போட்டார்கள்.

மாதம் இருமுறை ஒரு கஜச் சதுரக் கயிற்றைக் குறித்த இடங்களில் போட்டு, உள்ளே எத்தனை வகை, எத்தனை தலை என்று எண்ண வேண்டும். என் புருசனுக்கு எழுத வராது. அதனால் சமையல் முடித்து நான் போய் எண்ணி ஒரு புத்தகத்தில் எழுதினேன். மானா, இலுக்கு என்று எல்லோருக்கும் தெரிந்ததை அப்படியே எழுதினேன். பெயர் தெரியாதவற்றுக்கு மூக்குத்திப்பூ, பூனைமயிர், ஊசிக்காது என்று நானே பெயர் வைத்தேன். புல்லுத்துரை அவற்றின் பக்கத்தில் வேறு பெயர் எழுதிக்கொள்வார். முதல்முறை புத்தகத்தைப் பார்த்தபோது, "தங்கச்சி, நீர் எண்ணினது என்னட்டைப் படிக்கிற பெடியங்கள் எண்ணினதிலும் சரியாக் கிடக்கு. ஆனா பக்கத்துக்கு நம்பர் போடும். நம்பர் போடாத புத்தகம் சாட்சி சொல்லாது" என்றார். அன்றைக்கே 1 முதல் 188 வரை நம்பர் போட்டேன். அவர் வரும்போதெல்லாம் கடைசி வரியின் கீழ் திகதி இட்டுக் கையெழுத்து வைப்பார். முறைப்பாட்டுக்காரர் இங்கே கொண்டுவந்து கொடுத்த புத்தகம் அதுதான்.

நாலு வருடக் கணக்கில், கொளுத்தாத பாதியில் சதுரத்துக்கு 27 வகை இருந்தது. கொளுத்திய பாதியில் 11 வகை, அதிலும் இலுக்குத்தான் அதிகம். காரணம் கேட்டேன். இலுக்கின் வேர் மண்ணுக்குள் இருப்பதால் நெருப்பு மற்றதை எல்லாம் கொன்று அதற்கு இடம் விட்டுக் கொடுக்கிறது, மண்வெட்டியால் கொத்தினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகிறது என்று புல்லுத்துரை சொன்னார். அதையும் 52ஆம் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

பொன்னையாவுக்கு இரண்டு கறவை மாடு உண்டு. தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் மலையைக் கொளுத்தினால் மாட்டுக்கு இளம்புல் கிடைக்கும் என்பதால் தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர்கள் அப்படிச் செய்வது வழக்கம். கம்பிக்கு நூறு கஜத்துக்குள் யாரும் நெருப்பு வைக்கக்கூடாது என்று, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் துரை சொல்லியிருந்தார்.

1959 பெப்ரவரி 13 வெள்ளிக்கிழமை நான் விரதம். கோயிலுக்குப் பூப் பறிக்க ஓடைப் பாதையால் போனபோது பகல் 11 மணி இருக்கும். பொன்னையா மானாப்புல்லைப் பந்தமாகக் கட்டி, கம்பிக்குக் கீழே முப்பது கஜம் தள்ளி நெருப்பு வைத்ததைக் கண்டேன். என் புருசன் அங்கே இல்லை. கம்பிக்கு ஆணி வாங்கி வரச்சொல்லிப் பொன்னையாவே அவரை ஸ்டோருக்கு அனுப்பியிருந்தார். அதன்பின் காற்று திரும்பியது. நான் பூக்கூடையைப் போட்டுவிட்டு ஓடி, ஈரச் சாக்கால் அடித்தும் ஒரு சதுரத்தைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அன்று பின்னேரம் கண்டதை எல்லாம் 91ஆம் பக்கத்தில் எழுதினேன். கீழே வகை: 0 என்று எழுதினேன்.

திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் துரை விசாரித்தார். செல்லசாமி பீடி குடித்து எறிந்ததால் பற்றியது என்று பொன்னையா சொன்னார். என் புருசன் வெற்றிலை போடுவார், பீடி தொட்டதில்லை. நான் புத்தகத்தை நீட்டினேன். அப்போது பொன்னையா, "புல்லு எண்ணுறவ எழுதுன கணக்கு எங்க புள்ள செல்லும்? விட்டா நாளைக்கு எங்க தலைமயிரையும் எண்ணிக் கொண்டாருவா போல" என்றார். பெரட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். துரை புத்தகத்தை வாங்கவில்லை. அதன்பின் பொன்னையா மாரியம்மன் சன்னிதிக்கு எல்லோரையும் கூட்டிப்போய், தான் நெருப்பு வைக்கவில்லை என்று சொல்லி எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். எங்கள் தோட்டத்தில் சூடம் அணைத்தவரை அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

21ஆம் திகதி புல்லுத்துரை வந்தார். சாம்பலுக்குள் கொஞ்ச நேரம் நின்றார். 91ஆம் பக்கத்தை வாசித்துத் திகதி இட்டுக் கையெழுத்து வைத்தார். "நீர் சொல்லுறது உண்மை எண்டு எனக்குத் தெரியும். தோட்டத்து விசயத்திலை நான் தலையிட ஏலாது" என்று சொல்லிப் போனார். திரும்பி வரவில்லை. மாத முடிவில் என் புருசனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்து வேலையில் இருந்து நிறுத்தி, நாங்கள் இருந்த காம்பராவையும் விடச் சொன்னார்கள்.

அதன்பின் நாங்கள் தம்பியின் காம்பராவுக்கு வந்தோம். என் புருசன் நல்லதண்ணி என்ற ஊருக்குப் போய், மலை ஏறுகிற யாத்திரிகர்களின் மூட்டை சுமந்தார். நான் பேச்செடுத்தபோதெல்லாம், "விடு புள்ள, சூடத்தை அணைச்சவனை ஆத்தா பாத்துக்குவா" என்பார். மழையில் நனைந்து நெஞ்சில் சளி கட்டி ஏப்ரல் 20ஆம் திகதி இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்களில் ஒரு கிழவர், "பீடி நெருப்பு ஆளையே கொண்டு போயிருச்சே" என்றார். அந்தக் கிழவர் கெட்டவர் இல்லை. அவர் அப்படித்தான் நம்பினார்.

நான் ஒரு வருடம் பொறுத்தேன். வெள்ளி தவறாமல் விளக்குப் போட்டேன். அந்த வருடத்தில் பொன்னையாவுக்கு மூன்றாவது மாடும், ஓடையோரம் கால் ஏக்கரில் உருளைக்கிழங்குத் தோட்டமும் வந்தன. அம்மனுக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

1960 ஜூன் மாதம் மழை பிடித்ததும் எரிந்த மலைக்குப் போய் இலுக்கு வேரைத் தோண்டி, கணு இருக்கும்படி விரல் நீளத்துக்கு நறுக்கினேன். நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போகிற பாதை பொன்னையாவின் தோட்ட வேலியை ஒட்டிப் போகிறது. ஒரு குடத்துக்கு இரண்டு துண்டு வீதம், வேலி இடுக்கால் கைவிட்டு, பாத்தி ஓரத்தில் நட்டேன். 106 குடம். 212 துண்டு. எல்லாம் பகலில், எல்லோரும் தண்ணீர் எடுக்கிற பாதையில் செய்தேன். ஒளித்துச் செய்யவில்லை.

அதன்பின் பழையபடி கயிற்றுச் சதுரத்தை வேலியோரம் போட்டு எண்ணினேன். தொடங்கும்போது அந்தச் சதுரத்தில் 14 வகைப் புல்பூண்டு இருந்தது. ஓகஸ்டில் இலுக்கு 5 தலை. பொன்னையா அதைக் கண்டு ஆள் விட்டு மண்வெட்டியால் கொத்தினார். 1961 பெப்ரவரியில் 48. அப்போது வெறுத்துப்போய் பாத்தியைக் கொளுத்தினார். அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு பீலியில் நின்றேன். குடம் நிறைந்து வழிந்தது. மே மாதம் 131. கிழங்கு தோண்டியபோது இலுக்கின் வேர்முனை ஊசிபோலக் கிழங்குகளைக் குத்தி மறுபக்கம் வந்திருந்தது. பொன்னையாவின் மனைவி நாகலெட்சுமி பாதையில் நின்று, "யாரு கண்ணு பட்டுச்சோ மீனம்மாக்கா, கிழங்குக்குள்ள எல்லாம் புல்லு" என்றார். நான், "ஆத்தாகிட்ட சூடம் கொளுத்தச் சொல்லுங்க தாயி, உங்க வீட்டுல அது பழக்கந்தானே" என்றேன்.

நேற்று 3ஆம் திகதி காலை அதே இடத்தில் எண்ணினேன். இலுக்கு 344 தலை. வேறு எதுவும் இல்லை. வகை: 1. அதை எழுதிக்கொண்டிருக்கும்போது பொன்னையா வந்து புத்தகத்தைப் பறித்து, 1960ஆம் வருடப் பக்கங்களை அங்கேயே நின்று வாசித்தார். "எல்லாம் இவ கையாலேயே எழுதி வச்சிருக்கா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்" என்று பாதையில் நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

இன்று காலை இந்த நிலையத்திலும் பொன்னையா, அந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பது எல்லாம் உண்மை என்று சொல்லி, சாட்சிப் பொருளாக ஒப்படைத்துக் கையெழுத்து வைத்திருக்கிறார். நானும் உண்மை என்கிறேன். ஆகவே புத்தகத்தைப் பற்றி எங்கள் இருவருக்கும் வழக்கில்லை. 112ஆம் பக்கம் முதல் நான் செய்த குற்றம் இருக்கிறது. அதற்கு உரிய தண்டனையை ஏற்கிறேன். அதற்கு முன்னால் உள்ள 91ஆம் பக்கத்தை அவர் வாசிக்கவில்லை. அந்தப் பக்கத்தையும் அதன் கீழே உள்ள கையெழுத்தையும் ஐயா பார்வையிட வேண்டும். பக்கங்களுக்கு நம்பர் இருக்கிறது. ஒன்றும் கிழியவில்லை என்பதை ஐயா முன் எண்ணிக் காட்டினேன். அந்தப் பக்கத்தை என் புருசனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்த அதே பெரட்டுக்களத்தில், பொன்னையா நிற்கும்போது, சத்தமாக வாசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வருத்தப்படுகிறாயா என்று ஐயா கேட்டார். இல்லை.

மேலே எழுதியது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதன்பின் நானும் ஒருதரம் வாசித்தேன். 344 என்பது 334 என்று எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்திப் பக்கத்தில் சிறு ஒப்பம் இட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே, கூட்டாமலும் குறைக்காமலும் உண்மையாக இருக்கிறது. பெருவிரல் மை கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று பேனாவை வாங்கினேன்.

(ஒப்பம்) செ. மீனம்மா